ஏலக்காய் விளையும் இரண்டு மலைகள்



ஏலக்காய் விலை திடீரென்று ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, போடி கடைவீதியில் முதலில் அடிபடும் பெயர் குவாத்தமாலா. அங்கே மகசூல் எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் நம் வியாபாரிகள் சரக்கை வெளியே எடுப்பார்கள். 1914 வாக்கில் ஒரு ஜெர்மன் காப்பித் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோய் நட்ட செடி ஏலம். 1980களில் உற்பத்தியில் நம்மையே முந்திவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த ஊர்ச் சமையலில் ஏலக்காய்க்குப் பெரிய வேலை கிடையாது. விளைவதில் பெரும்பகுதி கப்பலேறி அரபு நாட்டுக் காப்பியான காவாவில் போய் விழுகிறது. காயின் விலையை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் நாம், அதைப் பறிக்கிற குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கேட்டதில்லை. இம்முறை கேட்போமே!

பணத்தை மட்டும் பார்த்தால் அவர்கள்தான் வசதி. குவாத்தமாலாவின் தனிநபர் வருமானம் இந்தியாவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஐ.நா.வின் மனிதவள மேம்பாட்டுப் பட்டியலில் 2025 அறிக்கைப்படி இந்தியா 193 நாடுகளில் 130ஆவது இடம்; குவாத்தமாலா நமக்குப் பின்னால் நிற்கிறது. சராசரி ஆயுள் இரு நாட்டிலும் ஏறக்குறைய 72தான். பள்ளிப் படிப்பிலும் தெருப் பாதுகாப்பிலும் அவர்கள் பின்தங்கிவிட்டார்கள். மனதை உறுத்துவது இன்னொரு கணக்கு: அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 2019-21 கணக்கெடுப்பில் இந்தியாவில் அது 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25.

கையில் காசு கூடுதலாக இருக்கும் நாட்டில் குழந்தை ஏன் வளரவில்லை? ஏலம் விளையும் ஆல்தா வெராபாஸ் அந்த நாட்டின் ஏழைப் பகுதிகளில் ஒன்று. கெக்சி மொழி பேசும் மாயா பழங்குடியினர் சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் பயிர்செய்து, பச்சைக்காயாகவே இடைத்தரகரிடம் கொடுத்துவிடுகிறார்கள். உலர்த்தும் அடுப்பு வேறொருவர் கையில், லாபமும் அங்கேதான். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் செத்த இரண்டு லட்சம் பேரில் பெரும்பாலோர் மாயா மக்கள். அரசு வசூலிக்கும் வரியோ நாட்டு வருமானத்தில் எட்டில் ஒரு பங்குதான். வாங்குவது குறைவென்றால் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுப்பதும் குறைவுதானே. நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அமெரிக்கா போய்ப் பாடுபடும் பிள்ளைகள் அனுப்புவது. சராசரியில் தெரியும் அந்த வசதி, மலைக் கிராமத்து அடுப்படிவரை வந்து சேரவில்லை.

நம் பக்கம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு, அங்கன்வாடி, விலையில்லா ரேஷன் அரிசி. கட்சி எதுவானாலும் பிள்ளையின் தட்டில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இலவசம் என்று இளக்காரம் பேசுகிறவர்கள் அந்த உயரக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அதற்காகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளவும் முடியாது. சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்பே சோறாக்கி, தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலச்சரம் செடியின் தூரில், தரையோடு படர்ந்து கிடக்கும். நின்றுகொண்டு பறிக்கிற காய் அல்ல; ஈர மண்ணில் குனிந்தும் குந்தியும், விளைந்த காயாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். கால்களில் அட்டை ஏறுவதெல்லாம் கணக்கிலேயே வராது. இருட்டியபின் வீடு திரும்பி, எல்லோருக்கும் போட்டு, மிச்சத்தைச் சாப்பிடுகிறவர்களும் இவர்களே.

இங்கேதான் குவாத்தமாலா நம்மை வெட்கப்பட வைக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அங்கே அது இதில் பாதிகூட இல்லை. பிள்ளைக்குத் தட்டு வைத்த அரசும் சமூகமும் தாயின் தட்டை எட்டிப்பார்க்கவில்லை என்றுதான் நான் சொல்வேன். மலையில் விளையும் காய்க்கு எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று சலித்துத் தரம் பிரிக்கத் தெரிந்த ஊருக்கு, அதைப் பறிக்கும் கையின் ரத்த அளவு தெரியவில்லை.

மலைக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் கேட்டு இரும்புச்சத்து மாத்திரை வாங்குங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். தோட்டம் வைத்திருக்கும் வாசகர்களே, காய் எடுப்பு தொடங்கும் முன் ஒருநாள் உங்கள் ஆட்களைக் கூலியோடு அந்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அனுப்பியவர்கள் எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்