பிணையலில் அடிமை உண்டோ?

கதிரடிக்கும் களத்தைக் கண்டவர்க்குப் பிணையல் என்னுஞ் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. மாடுகளை ஒரே கயிற்றில் இணைத்துக் கட்டி, சூட்டின் மேல் வளைய வளைய ஓட்டி நெல்மணியை உதிர்ப்பதே பிணையலடித்தல். ஒரு மாட்டால் ஆகாத வேலையை இரண்டும் மூன்றும் கூடி முடித்தன. அவற்றுள் ஒரு மாட்டை 'அடிமை மாடு' என்று எந்த உழவனும் அழைத்ததில்லை.

அச்சொல்லை ஈண்டு நினைவூட்டுதற்குக் கரணியம் உண்டு. லினக்சு என்னும் கட்டற்ற இயங்குதளத்தில், ஒரு கணினியின் இரண்டு வலையட்டைகளை ஒன்றாகப் பிணைத்து இயக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதனைப் 'பாண்டிங்கு' என்பர். பிணைத்தல் என்பதே பொருள். குறை சொல்ல இடமில்லை. ஆனால், அப்பிணைப்பில் சேரும் அட்டைகளுக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர் 'சிலேவு', அஃதாவது அடிமை. அவற்றைத் தொகுத்து நிற்கும் மேலமைப்பிற்கு இட்ட பெயர் 'மாசுட்டர்', அஃதாவது ஆண்டான். அட்டையைச் சேர்க்கும் பழைய கட்டளையின் பெயரே 'அடிமைப்படுத்து' என்னும் பொருளது! இதனைத் தமிழில் எழுதப் புகுவோர் சொல்லுக்குச் சொல் வைத்து 'ஆண்டான் அட்டை', 'அடிமை அட்டை' என்று பெயர்ப்பாராயின், அது தமிழாக்கம் ஆகாது. அயலான் வீட்டுக் குப்பையைத் தமிழ் முறத்தில் அள்ளி வருவதே ஆகும்.

பெயர் பொருந்துகிறதா என்பதைச் செயலைக் கொண்டன்றோ தெளிதல் வேண்டும்?

இரண்டு வலையட்டைகளைச் செருகி, இரண்டையும் ஒரே வலையமைப்பில் இணைத்துவிட்டால் விரைவு இருமடங்காகும் என்று நம்புவோர் பலர். ஆகாது. வெளிச்செல்லும் தரவுப் பொதிகள் ஓர் அட்டையின் வழியே செல்ல, மற்றொன்று வாளா கிடக்கும். அன்றியும், லினக்சு ஒரு வலை முகவரியை இன்ன அட்டைக்கு உரியதென்று கொள்ளாது; கணினி முழுமைக்கும் உரியதென்றே கொள்ளும். ஆதலின் முதலட்டையின் முகவரியைத் தேடிவரும் வினவலுக்கு இரண்டாம் அட்டையும் விடையிறுக்கும். அண்டையிலுள்ள கணினிகள் குழம்பும். கட்டாத மாடுகள் களத்தில் பக்கத்திற்கு ஒன்றாய் நடந்தால் கதிர் அடிபடுமா?

இதற்கு வழிகண்டோர் ஏழ்மையான கருவிகளைக் கொண்டே கண்டனர். 1994ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளித் துறையின் கோதார்டு நடுவத்தில் தாமசு இசுடெர்லிங்கும் தொனால்டு பெக்கரும், பெருவிலைப் பெருங்கணினி வாங்காமல், கடையிற் கிடைக்கும் பொதுக் கணினி உறுப்புகளைக் கொண்டு 16 கணினிகளின் கூட்டத்தை அமைத்தனர். பேவுல்பு என்பது அதன் பெயர். அவற்றை இணைத்த ஈதர்நெட்டுத் தடங்கள் மெதுவானவை. எனவே தடங்களைப் பிணைத்து ஓட்டினர். பெக்கர் எழுதிய அந்நிரலின் வழிவந்ததே லினக்சிலுள்ள இன்றைய ஏற்பாடு.

அதன் உள்ளமைப்பு நோக்கத்தக்கது. பிணையல் அமைந்ததும் கணினிக்குள் புதிதாக ஓர் அட்டை தோன்றும். கையால் தொடவியலாத, நிரலால் ஆன அட்டை. வலை முகவரி அதற்கே தரப்படும். ஆயின் வலையட்டை ஒவ்வொன்றிற்கும் ஆலையிலேயே பொறிக்கப்பெற்ற 48 இரும எண் நீள முகவரி வேறொன்று உண்டு. அது பிணையலுக்கு இல்லை. இயல்பான அமைப்பில், முதற்கண் வந்து சேரும் அட்டையின் முகவரியையே அது தனதாக ஏற்றுக்கொண்டு, பின்வரும் அட்டைகளுக்கும் அதனையே சூட்டுகிறது. அடிமையிடம் பெயரை இரந்து பெறும் ஆண்டானை எந்நாட்டிற் கண்டோம்? அட்டைகள் நீங்கின் அவ்'ஆண்டான்' ஒரு பொதியையும் சுமக்க வல்லான் அல்லன்.

பிணைக்கும் வகைகள் ஏழு. 0 முதல் 6 வரை எண்ணிட்டுள்ளனர். 0ஆம் வகையில் பொதிகள் அட்டைக்கு ஒன்றாய் மாறி மாறிச் செல்லும். விரைவு கூடும், ஆனால் பொதிகள் முன்பின்னாக வந்து சேர்வதால் சில மீண்டும் அனுப்பப்படவும் நேரும். 1ஆம் வகையில் ஒன்று உழைக்க, மற்றொன்று காத்திருக்கும். 100 மில்லிநொடிக்கு ஒருமுறை இணைப்பைச் சோதிக்குமாறு அமைப்பது வழக்கம். கம்பி அறுந்தால் காத்திருந்தது உடனே சுமையை ஏற்று, இனி அம்முகவரிக்குத் தன்வழியே வரவேண்டும் என்று வலையமைப்பிற்கு அறிவிக்கும். 4ஆம் வகைக்குக் கம்பிகள் வந்து கூடும் சுவிட்சும் உடன்பட வேண்டும். அதற்கான பொதுநெறி 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அவ்வகையிலும் ஓர் உரையாடல் ஓர் அட்டையின் வழியே மட்டும் செல்லுமாதலின், ஒரே கோப்பை ஒருவர் இறக்கும்போது இருமடங்கு விரைவு கிட்டாது. பலர் ஒருங்கே கேட்கும்போதுதான் பயன் தெரியும். இவ்வனைத்திலும் காண்பது கூட்டுழைப்பு, காத்துநிற்றல், முறைவைத்தல். அடிமைத்தனம் எங்கே?

'இரும்புத் துண்டிற்கு மானமா, சினமா? சொல்லில் என்ன?' என்று நகைப்பாரும் உளர். பொறிக்கு வலிக்காது, படிக்கும் மாந்தனுக்கு வலிக்கும். அடிமை என்பது இம்மண்ணில் வெறும் உவமையன்று. 1843இல் சட்டத்தால் அடிமை முறையை நீக்கிய பின்னும் தஞ்சை வயல்களில் பண்ணையாட்கள் பட்ட பாட்டிற்கு 1952இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. அவர் பேரப்பிள்ளைகள் இன்று கணினி பயில்கின்றனர். அவர்தம் பாடநூலில் அச்சொல்லைக் கொண்டுபோய் வைப்பதா?

அச்சொற்களை ஆக்கியோரே கைவிடத் தொடங்கினர். 2003இல் லாசு ஏஞ்சலிசு மாவட்ட ஆட்சி, கருவிகள் மேல் அவ்விணைச் சொற்களைப் பொறிக்க வேண்டா என்று விற்பனையாளரைக் கேட்டுக்கொண்டது. லினக்சின் கருநிரலை எழுதுவோர்க்கான நெறியும் 2020இல் அவற்றைப் புதிதாகப் புகுத்தலாகாது என்றது. பழைய நிரல்கள் முறிந்துவிடும் என்பதால் முன்பிருந்தவை நீக்கப்படவில்லை. பிணையலின் நிலையைக் காட்டும் கோப்பில் அவை இன்னும் நிற்கின்றன. அங்குத் தட்டச்சிட வேண்டிய கட்டளையை உள்ளவாறே இடுதல்தான் முறை. அது பூட்டுக்குரிய திறவுகோல். விளக்கவுரையிலோ தமிழுக்கு அத்தளை ஏதுமில்லை. எவரோ மாற்றட்டும், பின்னர்ப் பார்ப்போம் என்று காத்திருக்கவும் வேண்டா.

களத்துச் சொல்லே போதும். தொகுப்பு, பிணையல். அதில் சேர்வது, பிணையட்டை. 1ஆம் வகையில் உழைப்பது நடப்பட்டை, காத்திருப்பது காப்பட்டை. பாண்டிங்கு என்பதற்கு அகரமுதலியைப் புரட்டிப் 'பிணைமுறி' என்று எழுதி, வழக்குமன்றத்திற்கு அனுப்பாதிருந்தால் சரி.

இச்சொற்களால் செய்முறையை எழுதிப் பார்க்கலாம்: 'பிணையலை ஆக்கி, 1ஆம் வகையை அமைக்க. வலையட்டைகள் இரண்டையும் முதலில் ஓய்வித்து, பின் பிணையலிற் சேர்க்க. வலை முகவரியைப் பிணையலுக்கு மட்டும் தந்து அதனை எழுப்புக. நடப்பட்டையின் கம்பியைப் பிடுங்குக. காப்பட்டை நடப்பட்டையாயிற்றா என்று நோக்குக.'