தோட்டாவின் விட்டமும் அரசின் பயமும்

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு பைக் தயாராகிறது. என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர். அந்தத் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்த கம்பெனி அந்தப் பெயரைத் தன் வண்டிக்கு வைத்துக்கொண்டது. அம்பத்தூரில் செய்து தமிழ்நாடு முழுக்க ஓடிய பிஎஸ்ஏ சைக்கிளின் பெயரை விரித்தால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். துப்பாக்கிப் பெயர்களின் மேல் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறோம். ஆனால் துப்பாக்கியைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை பேச வராது நமக்கு.

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஓர் ஆலையில் மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் கேன்டீனில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு வந்து 'குறைந்த விலை ரைபிளில் எது பெஸ்ட்' என்று சண்டை போடும். சாவேஜ் ஆக்சிஸா, ரூகர் அமெரிக்கனா, மாஸ்பெர்க் பேட்ரியட்டா? .308 போதுமா, 6.5 க்ரீட்மூர் வேணுமா? இன்னொரு கட்சி, 'நம்ம நாட்டுல அந்த வேலையே கிடையாதுப்பா, சட்டம் கடுமையா இருக்கு, அதுவரைக்கும் நிம்மதி' என்று சாம்பாரை ஊற்றிக்கொள்ளும். முதல் கட்சியை விட்டுவிடலாம், அது பொழுதுபோக்கு. இந்த இரண்டாவது கட்சியோடுதான் எனக்கு வழக்கு. நம் சட்டம் கடுமையானது என்பது உண்மை. ஆனால் அது ஆபத்தை அளந்து கடுமையாகவில்லை.

முதலில் அந்த அமெரிக்க ரைபிள்கள் ஏன் மலிவு என்று பார்ப்போம். இரும்புக் கட்டியைக் குடைந்து செய்த ரிசீவருக்குப் பதில், உருளைத் தண்டைக் கடைந்து எடுக்கிறார்கள். மரக்கட்டைக்குப் பதில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். சாவேஜில் குழலை ஒரு நட்டு போட்டு இறுக்கித் தோட்டா உட்காரும் ஆழத்தைச் சரிசெய்கிறார்கள். கைத்தேர்ச்சி பெற்ற கொல்லர் உட்கார்ந்து அராவ வேண்டியதில்லை. இதில் எதுவும் நமக்குப் புதிதில்லை. சிஎன்சி லேத்தும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கும் இந்தச் சாலையின் இருபுறமும் மூன்று ஷிப்ட் ஓடுகின்றன. போல்ட்-ஆக்‌ஷன் ரைபிளே 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினால் ஒரு தோட்டா உள்ளே போகும், அவ்வளவுதான்.

இனி நம் ஊர்க் கடை. லைசென்ஸ் வாங்கிய ஒருவர் புதிதாக ரைபிள் வாங்கப் போனால் அவர்முன் இருப்பது பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைச் சரக்கு: .22, .315, .30-06. வெளிநாட்டு இறக்குமதி 1980களின் நடுவிலேயே சாதாரண ஆட்களுக்கு நின்றுபோனது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபர் 1 அன்று ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். இஷாப்பூரும் நம் திருச்சியும் ஒரே கம்பெனிக்குக் கீழ் வந்தன. வாங்குபவனின் நிலைமை மாறவில்லை. ஒரே கடைக்காரன் வைத்த மூன்று பொருளில் ஒன்றை எடுப்பதற்குப் பெயர் ஒப்பீடு கிடையாது.

அந்த .315 எங்கிருந்து வந்தது? அது 1890இல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட 8 மி.மீ. மன்லிக்கர் தோட்டா. ஆஸ்திரியா அதைக் கைவிட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. இந்தியாவில் மட்டும் உயிரோடு இருக்கிறது. காரணம், பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் இருந்தது .303. சுதேசியின் வீட்டில் இருக்கும் துப்பாக்கிக்குள் சிப்பாயின் தோட்டா நுழையக் கூடாது. எனவே வேறு விட்டம். பெயரில் இருக்கும் வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர்.

இது முதல் தடவையும் இல்லை. 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த என்ஃபீல்டு துப்பாக்கிகளின் குழலில் சுருள்வரி இல்லை. வழவழவென்று கடைந்து கொடுத்தார்கள், குறி தூரம் போகக் கூடாதென்று. 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு என்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 விட்டத்துக்கு இந்தியாவில் தடை வந்தது. வேட்டைத் தோட்டாவின் ஈயத்தைப் பிடுங்கிப் பழைய மார்ட்டினி-ஹென்றித் தோட்டாவில் செருகிவிடுவார்களோ என்ற பயம். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் உடனே .465, .470 என்று புது விட்டங்களை இந்தியச் சந்தைக்கு இறக்கின. ராஜாக்களின் புலிவேட்டைக்குக் குறைவு வரவில்லை. இஷாப்பூரில் லீ-என்ஃபீல்டை ஒற்றைத் தோட்டா .410 மஸ்கட்டாக மாற்றிக் காவலர்களிடம் கொடுத்தார்கள். சொந்தக் காவலனையே நம்பாத அரசு அது.

மென்பொருள்காரனுக்கு இது பழகிய வித்தை. நோக்கியா ஃபோன் ஸ்ரீபெரும்புதூரில் செய்த காலத்தில் அதன் மெல்லிய பின் வேறெந்த ஃபோனிலும் நுழையாது. பொருந்தாமை தானாக நேர்வதில்லை, யாரோ உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் பயந்தான், சரி. சுதந்திர இந்தியா என்ன செய்தது? 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 1962 விதிகளின் அட்டவணை, .303 அல்லது 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிள்களைத் தடைப் பட்டியலில் வைத்தது. 2016இல் புது விதிகள் வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. கவனியுங்கள், 'அதிகம் கொல்லக்கூடிய' என்று அங்கே அளவுகோல் இல்லை. 'ராணுவத் தோட்டா நுழையக்கூடிய' என்பதே அளவுகோல்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். .315 தோட்டாவின் முனை சுமார் 15.8 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 620 மீட்டர்: ஆற்றல் ஏறக்குறைய 3,000 ஜூல். .303இன் முனை 11.3 கிராம், 744 மீட்டர்: ஏறக்குறைய 3,100 ஜூல். இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் தம்பிக்கு லைசென்ஸ், அண்ணனுக்குத் தடை. இப்போது .30-06க்கு வாருங்கள். 9.7 கிராம் முனை, சுமார் 890 மீட்டர்: 3,800 ஜூல். மூன்றிலும் பலமானது இதுதான். 1906இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா. நம் ராணுவம் அதைப் பயன்படுத்தாததால் நம் குடிமகன் வாங்கலாம்! எங்கள் ஆலையில் ஒரு பாகத்தை நிராகரித்தால் எந்த அளவு எவ்வளவு தவறியது என்று எழுதித் தர வேண்டும். இந்தத் தடைக்கு அப்படி ஒரு சீட்டு எழுதச் சொன்னால் 'எங்கள் தோட்டா பொருந்துகிறது' என்பதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

'கிடங்கிலிருந்து தோட்டா திருடு போனால்?' என்பார்கள். நியாயமான கேள்வி. திருட்டைத் தடுக்க வேண்டிய இடம் கிடங்கின் கதவும் கணக்குப் புத்தகமும். மேலும், ராணுவம் .303ஐ விட்டு 7.62க்கும், 1990களில் 5.56க்கும் போய்விட்டது. உத்தரப் பிரதேசக் காவல்துறையே 2020 குடியரசு தினத்தோடு .303க்கு விடை கொடுத்தது. வீட்டைக் காலி செய்த பிறகும் வாசலில் நாயைக் கட்டி வைத்திருக்கிறோம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? தர்மபுரிக்குப் போய்ப் பாருங்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே காட்டுப்பன்றிக்கு வைத்த கள்ள மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. கோவைப் பக்கம் பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த யானைகள் பட்டினி கிடந்து சாகின்றன. மலையடிவாரத்தில் கரிமருந்தும் இரும்புத் துண்டும் அடைத்த நாட்டுத் துப்பாக்கி இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டு ஏழையின் 'குறைந்த விலை ரைபிள்' இதுதான். விட்டம் கிடையாது, பதிவு எண் கிடையாது, வெடித்தால் யார் முகத்தில் என்ற உத்தரவாதமும் கிடையாது. சட்டம் கடுமை என்று நிம்மதியடைகிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது, மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கேரளம் 2022இலேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுட வழி செய்தது. நம் விவசாயி இன்னும் வனத்துறை ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டும். கடலைக்காட்டுக்குள் புகுந்த பன்றிக் கூட்டம் காத்திருக்காது.

எல்லாருக்கும் ரைபிள் கொடு என்று நான் கேட்கவில்லை. பிள்ளைப்பாக்கம் மாதிரி தட்டையான ஊரில் .30-06 வெடித்தால் தவறிய தோட்டா சில கிலோமீட்டர் போகும். ஏரிக்கரை தாண்டினால் தொழிலாளர் விடுதி, அதைத் தாண்டினால் கம்பெனி பஸ் போகும் சாலை. இங்கே பன்றிக்கு 12 போர் துப்பாக்கியே அதிகபட்சம். மேட்டு நிலத்தில், பின்னால் மண்சரிவு இருக்கும் இடத்தில், ஐம்பது அறுபது மீட்டர் தூரத்துக்கு அந்தக் கிழட்டு .315 தாராளமாகப் போதும். .22ஐ வைத்துப் பன்றியைச் சுடுவது வதை, காயத்தோடு ஓடிப்போய் மூன்று நாள் கழித்துச் சாகும். ஒப்பீடு என்றால் இப்படி இருக்க வேண்டும்: எந்த நிலம், என்ன விலங்கு, எவ்வளவு தூரம், பின்னால் யார் வீடு. நம் சட்டம் இதில் ஒன்றையும் கேட்பதில்லை.

கேட்கட்டும் என்கிறேன். ரைபிளை ஆற்றலையும் தூரத்தையும் வைத்து வகைப்படுத்தட்டும். ஊராட்சிக்கு இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் பூட்டி வைத்து, தோட்டாவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கட்டும். இன்றைய சட்டத்தைவிட இது சில இடங்களில் கடுமையாகவே இருக்கும், இருக்கட்டும். ஆனால் அந்தக் கடுமைக்கு ஒரு காரணம் இருக்கும். லிட்டனின் பயத்துக்கு இன்னும் எத்தனை காலம் கடலைக்காட்டுக்காரன் வட்டி கட்டுவது?