சுரங்கத்தின் மறுமுனையில் யார்?

சென்ற மாதம் பூனாகலையில் பழைய நண்பரொருவரின் இல்லத்தில் இரண்டு நாள்கள் தங்க நேர்ந்தது. மழை விடாது பெய்தமையால் வெளியே செல்ல இயலவில்லை. நண்பரின் மகன் தன் மடிக்கணினியில் 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' என்னும் பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரைக் காட்டினான். மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். முடிவில் அவன் கேட்டான்: "தப்பிச்சுப் போறது இவ்வளவு லேசா மாமா? கதைக்கும் ஒரு அளவு வேணாமா?"

1965 முதல் 1971 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் 168 அங்கங்களாக ஒளிபரப்பான தொடர் அது. இரண்டாம் உலகப் போரின்போது ஜேர்மனியிலிருந்த ஒரு போர்க்கைதிகள் முகாமே களம். கட்டிலைத் தூக்கினால் சுரங்கத்தின் வாயில். காட்டிலுள்ள மரக்குற்றியைத் திறந்தால் அதன் வெளிவாசல். கைதிகள் இரவில் வெளியேறிப் பாலங்களைத் தகர்ப்பார்கள். மற்றவர்களைத் தப்பவைத்துவிட்டு விடிவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிடுவார்கள். தன் முகாமிலிருந்து ஒருவரும் தப்பியதில்லை என்று பெருமை பேசிக்கொண்டிருப்பார் தளபதி கிளிங்க்.

அவன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆயினும், பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்குப் போய் அங்கிருந்து சில கிலோமீற்றர் சென்றால் வரும் தியத்தலாவையின் வரலாற்றை அறிந்தவர்கள் அந்தக் கேள்வியைச் சற்றுத் தயங்கியே கேட்பார்கள்.

தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில் சிறைப்பட்ட சுமார் 5,000 போயர்கள் 1900ஆம் ஆண்டு முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கான பிரதான முகாம் தியத்தலாவையிலேயே அமைந்தது. 1901 ஜனவரியில், கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கைதிக் கப்பலொன்றிலிருந்து ஐந்து போயர்கள் இரவில் கடலில் இறங்கி நீந்தினர். சற்றுத் தொலைவில் நின்ற 'கெர்சன்' என்ற ரஷ்யக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. அவர்கள் ரஷ்யாவுக்குச் சென்று, அங்கிருந்து ஒல்லாந்தை அடைந்து, பின்னர் ஜேர்மனியரின் தென்மேற்கு ஆபிரிக்கா வழியாகத் தமது போர்க்களத்துக்கே திரும்பினார்கள். தொடரின் கதாசிரியர் இதை எழுதியிருந்தால் தயாரிப்பாளர் நம்ப மறுத்திருப்பார்.

இரண்டாம் உலகப் போரிலும் தியத்தலாவையில் ஜேர்மனியர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்கள் 1942இல் இந்தியாவின் டேராடூன் முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த டேராடூன் முகாமிலிருந்து 1944 ஏப்ரல் 29ஆம் திகதி எழுவர் வெளியேறிய விதம் ஹோகனே பொறாமைப்படத் தக்கது. இருவர் பிரித்தானிய அதிகாரிகளாக வேடமிட்டனர். மற்றவர்கள் முள்வேலி திருத்தும் இந்தியத் தொழிலாளர்களாக வேடமிட்டனர். பட்டப்பகலில் வாயில் வழியாகவே நடந்து போனார்கள். அந்த 'அதிகாரிகள்' இருவரும் பர்மாவிலிருந்த ஜப்பானியப் படையிடம் போய்ச் சேர்ந்தனர். மற்றவர்களுள் ஹைன்ரிஹ் ஹாரரும் பீட்டர் அவுஃப்ஷ்னைட்டரும் 1946இல் லாசாவை அடைந்தார்கள்.

ஆகவே சுரங்கமும் வேடமும் நம்பமுடியாதவை அல்ல. அந்தத் தொடரில் நம்பமுடியாதது வேறொன்று. சுரங்கத்தை விட்டு வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு நண்பன் காத்திருக்கிறான். உணவும் உடையும் வழிகாட்டியும் தயாராக இருக்கும். போயர்களுக்கு ஒரு ரஷ்யக் கப்பல் வாய்த்தது. டேராடூன் ஜேர்மனியர் இருவருக்கு ஒரு நேசநாட்டுப் படை வாய்த்தது. நிஜத்தில் எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 1944 மார்ச்சில் ஜேர்மனியரின் ஸ்டாலாக் லுஃப்ட் 3 முகாமிலிருந்து சுரங்கம் வழியாக வெளியேறிய 76 பேரில் மூவரே மீண்டனர். பிடிபட்டவர்களில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இதே மலைகளில் வேலியே இல்லாத ஒரு சிறையும் இருந்தது. தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் இடமளித்தது. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தது என்பதற்கான 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டம் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளாது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை இதுதான் நிலைமை. போயர் கைதிகள் தியத்தலாவையில் வேலிக்குள் இருந்த அதே ஆண்டுகளில், எம்மவர்கள் அருகிலுள்ள மலைகளில் வேலியின்றி அடைபட்டிருந்தார்கள். லயத்திலிருந்து தப்புவதற்குச் சுரங்கம் தேவையில்லை. இரவில் நடந்தே போகலாம். ஆனால் போய்ச் சேர ஓர் இடமில்லை. அதனால்தான் அந்த ஓட்டங்களைப் பற்றி எவரும் நகைச்சுவைத் தொடர் எடுக்கவில்லை.

பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவயை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே தமிழ் இளைஞர்களுக்கென ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை பெருங்கூட்டமொன்று உள்ளே புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005க்குள் மேன்முறையீட்டில் அனைவரும் விடுதலையானார்கள். உள்ளே இருந்தவர்கள் தப்பித்து எங்கே ஓடுவது? வேலிக்கு வெளியேதான் கொலைகாரர்கள் நின்றார்கள். அன்று அந்த வேலி அவர்களைக் காத்திருக்க வேண்டும், காக்கவில்லை.

தொடரில் லெபோவாக நடித்த ரொபேர் கிளாரி, நாஜிகளின் புக்கன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்ட யூதர். கிளிங்காக நடித்த வெர்னர் கிளெம்பெரரும் நாஜிகளிடமிருந்து தப்பிய குடும்பத்தவர். போர்க்கைதி முகாம் வேறு, வதைமுகாம் வேறு என்பதைக் கிளாரி எப்போதும் வலியுறுத்தி வந்தார். முன்னதைப் பற்றிச் சிரிக்க அவரால் முடிந்தது. அந்த வேறுபாட்டை மறந்து சிரிப்பதே தவறு, சிரிப்பது தவறன்று.

மறுநாள் பண்டாரவளை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது இவற்றையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். தியத்தலாவையைப் பற்றி அவன் அறிந்திருந்தான். இப்போது அங்கே இராணுவக் கல்லூரி இருக்கிறதே என்றான். பிந்துனுவெவயில் என்ன நடந்ததென்று அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அவன் பாடசாலைக்குப் போகும் ஊர் பண்டாரவளை.