பல்வலிக்கு மாத்திரை போட்டால் போதுமா? தொற்று கழுத்துக்குப் பரவுவது எப்படி?

“பல்வலிக்கெல்லாம் லீவா?” ஆபீஸில் சகஜமாகக் கேட்கும் கேள்வி இது. காய்ச்சல் என்றால் யாரும் எதுவும் சொல்வதில்லை. பல்வலி என்றால் மட்டும், மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு லாகின் பண்ணிடணும் என்பது எழுதப்படாத விதி. ‘சனிக்கிழமை டென்டிஸ்ட்டைப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவார்கள். சனிக்கிழமை வருவதற்குள் வலி நின்றுவிடும். டென்டிஸ்ட்டும் மறந்துபோய்விடும்.

பெரும்பாலானோருக்கு இதனால் உயிருக்கு ஆபத்து வருவதில்லை. ஆனால் சிலருக்கு வரும். அப்போது அது பல் பிரச்னையாக இருக்காது, மூச்சுப் பிரச்னையாக மாறியிருக்கும். கழுத்தின் ஆழமான திசுக்களில் பாக்டீரியா தொற்று பரவி அட்மிட் ஆகும் பெரியவர்களில் கணிசமானவர்களுக்கு ஆரம்பம் ஒரு சொத்தைப் பல்தான். வாயை உடம்போடு சேர்க்காமல் தனியாக வைத்துப் பார்க்கும் பழக்கம் இருக்கும் வரை இது தொடரும்.

பல்லிலிருந்து கழுத்துக்கு எப்படி?

சொத்தை பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு வரை போனதும் பாக்டீரியா வேரின் நுனிக்கு இறங்கும். அங்கே சீழ் கட்டும். சீழ் எப்போதுமே எளிதான வழியைத் தேடும். ஈறு பக்கம் உடைந்தால் சின்னக் கொப்புளமாக வெளியே வந்துவிடும். கீழ்க் கடைவாய்ப் பற்களில் விஷயம் வேறு. இரண்டாவது, மூன்றாவது கடைவாய்ப் பற்களின் வேர்கள், வாயின் தரையைத் தாங்கும் தசைக்கும் கீழே முடிகின்றன. நாக்குப் பக்கம் உள்ள எலும்பும் மெல்லியது. அந்த வழியாகத் தொற்று வெளியேறினால் நேராகத் தாடைக்கு அடியில் போய்ச் சேரும்.

கழுத்துக்குள் தசைகளுக்கும் சவ்வுகளுக்கும் நடுவே இடைவெளிகள் உண்டு. அவை ஒன்றோடொன்று இணைந்தவை. தாடைக்கு அடியில் தொடங்கும் தொற்று தொண்டையின் பக்கவாட்டுக்கும், அங்கிருந்து தொண்டைக்குப் பின்புறமும் போகலாம். அங்கிருந்து நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கவும் வழி இருக்கிறது.

லுட்விக் ஆஞ்சைனா என்றால் என்ன?

ஆஞ்சைனா என்றதும் நெஞ்சுவலி ஞாபகம் வரும். இது வேறு. நெரிப்பது என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. 1836-ல் ஜெர்மன் மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடரிக் ஃபான் லுட்விக் இந்த நோயை விவரித்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை போல இறுகி வீங்கும். நாக்கு மேலேயும் பின்னாலேயும் தள்ளப்படும். மூச்சுப்பாதை அடைபடும். ஆன்டிபயாட்டிக் காலத்துக்கு முன்பு, வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது அது பத்து சதவிகிதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் இது மணிக்கணக்கில் மோசமாகக்கூடிய நோய். சீக்கிரம் வந்தால்தான் காப்பாற்ற முடியும்.

வலி நின்றால் சரியாகிவிட்டதா?

இல்லை. பல்லின் நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். தொற்று மட்டும் உள்ளே அப்படியே இருக்கும். வலி மாத்திரை காய்ச்சலையும் வீக்கத்தையும் கொஞ்சம் அடக்கி, ‘பரவாயில்லையே’ என்று நினைக்க வைக்கும்.

கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக்கும் தீர்வல்ல. சீழ் கட்டிய இடத்துக்குள் ரத்த ஓட்டம் சரியாகப் போகாது, அதனால் மருந்தும் போதிய அளவு போய்ச் சேராது. சீழை வெளியேற்ற வேண்டும், பல்லுக்கு ரூட் கெனால் செய்ய வேண்டும் அல்லது பல்லை எடுக்க வேண்டும். பல்வலிக்கு வழக்கமாக வாங்கப்படும் அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் இரண்டுமே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். ஆன்டிபயாட்டிக் அட்டையில் இருக்கும் சிவப்புக் கோட்டுக்கு அர்த்தமே அதுதான். 2016-ல் மத்திய அரசு இதற்காக ஒரு பிரசாரமே நடத்தியது. கோடு இருக்கிறது, கேட்பவரும் பார்ப்பதில்லை, கொடுப்பவரும் பார்ப்பதில்லை.

இதோடு வீட்டுப் பேச்சுகளும் சேர்ந்துகொள்ளும். ‘பல்லைப் புடுங்கினா கண் பார்வை போயிடும்’ என்பார்கள். பல் எடுப்பதற்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை. ‘வீக்கம் வத்தட்டும், அப்புறம் போகலாம்’ என்பார்கள். எப்போது எடுப்பது என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அவரைப் பார்க்கவே வீக்கம் வற்றும் வரை காத்திருப்பதுதான் ஆபத்து.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

சர்க்கரை நோயாளிகளுக்கு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடுமாறும், தொற்று வேகமாகப் பரவும். வீட்டில் அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அவர்களுடைய பல்வலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

தாடைக்கு அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவுவது, வாயைச் சரியாகத் திறக்க முடியாதது, எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது. பல்வலியோடோ காய்ச்சலோடோ இதில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. பல் கிளினிக்கைத் தேடி அலையாமல் பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். மூச்சு முட்டினால் உடனே 108. அங்கே முதலில் மூச்சுப்பாதையைக் காப்பாற்றுவார்கள். பிறகு ஊசி வழி ஆன்டிபயாட்டிக், ஸ்கேன், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை.

எல்லாப் பழியும் நோயாளி மேலேயா?

அது நியாயமில்லை. ரூட் கெனாலுக்குக் கையிலிருந்து ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டில் அட்மிட் ஆகாமல் செய்யும் பல் சிகிச்சை பெரும்பாலும் சேராது. அதே பல்லால் ஐ.சி.யூ.வுக்குப் போனால் லட்சக்கணக்கில் கிளெய்ம் ஆகும். இது என்ன கணக்கு?

அமெரிக்கா இந்தக் கணக்கின் விலையைப் பார்த்திருக்கிறது. 2007-ல் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனுக்குப் பல் தொற்று கழுத்துக்கு இறங்காமல் மூளைக்கு ஏறியது. அந்தப் பல்லை எடுக்க 80 டாலர் ஆகியிருக்கும். மூளையில் இரண்டு ஆபரேஷன்களுக்கும் ஆறு வார ஆஸ்பத்திரி வாசத்துக்கும் ஆன செலவு 2 லட்சம் டாலரைத் தொட்டது. அந்த மரணம் கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு, 2009-ல் குழந்தைகளுக்கான அரசுக் காப்பீட்டில் பல் சிகிச்சை கட்டாயமானது.

இங்கே அதற்கு ஒரு மரணம் தேவையில்லை. ஆண்டுதோறும் ஊழியர்களுக்கு ஈ.சி.ஜி., கொலஸ்ட்ரால் எல்லாம் பார்க்கும் நிறுவனங்கள், அதே பேக்கேஜில் ஒரு பல் பரிசோதனையைச் சேர்க்கலாம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருபவர், ‘வாய்ல, தாடையில ஏதும் வலி, வீக்கம் இருக்கா?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். அதுவரை, கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளும் இருக்கின்றன. க்யூவில் அரை நாள் போகலாம். அதற்கு லீவு கேட்டால், தயங்காமல் கொடுக்க வேண்டியது மேனேஜரின் வேலை.