பந்தயம் ஓடுகிறது, பணம் யாருடையது?

தில்லியிலிருந்து யமுனை விரைவுச் சாலை வழியே ஆக்ராவுக்குச் செல்பவர்கள், கிரேட்டர் நொய்டாவைத் தாண்டியதும் ஆளரவமற்ற பெரும் பார்வையாளர் மாடங்களைக் காணலாம். புத்தரின் பெயர் தாங்கிய அந்தப் பந்தயக் களத்தில்தான் 2011 அக்டோபர் 30-ம் தேதி இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. அமைதியின் உருவானவருக்கு இப்படியொரு நினைவுச் சின்னம்! 2011, 2012, 2013 என மூன்றே ஆண்டுகள். மூன்றிலும் ஜெர்மானிய வீரர் செபாஸ்டியன் வெட்டல் வென்றார். அத்துடன் கடையைக் கட்டிவிட்டார்கள்.

சென்னை நகரச் சாலைகளில் கார் பந்தயம் தொடர வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். உத்தரப் பிரதேச அரசு அப்போது பந்தயத்துக்குக் கேளிக்கை வரி விலக்கு அளித்தது. அதை எதிர்த்த பொதுநல வழக்கில், நுழைவுச்சீட்டு வருவாயில் 25 சதவீதத்தைத் தனிக் கணக்கில் செலுத்துமாறு பந்தயத்துக்குச் சில நாள்கள் முன்பு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலம் கொடுத்த விவசாயிகள் இழப்பீடு போதவில்லை என்று போராடிக் கொண்டிருந்தனர். இந்தப் பந்தயத்தில் கிடைத்த வருமானத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டும் என்று வெளிநாட்டு நிறுவனத்துக்கு உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது 2017-ல். அதற்குள் பந்தயம் போய் நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. நிலுவைத் தொகையைக் காரணம் காட்டி, களம் அமைந்துள்ள ஆயிரம் ஹெக்டேர் நில ஒதுக்கீட்டை யமுனை விரைவுச் சாலை வளர்ச்சி ஆணையம் 2020-ல் ரத்து செய்தது. 2023 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒன்று அங்கே வந்தது. மறு ஆண்டே அதுவும் நின்றது.

ஹைதராபாதின் கதை இன்னும் சுருக்கமானது. 2023 பிப்ரவரி 11-ம் தேதி ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் மின்சாரக் கார்கள் ஓடின. ஆட்சி மாறியது. 2024-ல் நடக்கவிருந்த இரண்டாவது பந்தயம் கைவிடப்பட்டது. முறையான ஒப்புதலின்றி சுமார் 55 கோடி ரூபாய் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டதாக முன்னாள் அமைச்சர் கே.டி. ராமராவ் மீது ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. அவர் அதை மறுக்கிறார். வழக்கின் முடிவு எதுவாயினும், ஒரு நாள் பந்தயம் பல ஆண்டு வழக்காக நீண்டுவிட்டது.

இனி சென்னை. 2023 டிசம்பரில் நடக்கவிருந்த ஃபார்முலா 4 பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. வெள்ளத்தில் மூழ்கிய நகரில் பந்தயமா என்ற கேள்விக்கு அப்போது இயற்கையே பதில் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அனுமதி வழங்க, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் சாலையில் இரவு நேரப் பந்தயம் அரங்கேறியது. சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் சான்றிதழ் கிடைப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் முதல் நாள் ரசிகர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தனர். அரசு மருத்துவமனைகள் அருகில் இருக்கும் சாலைகளை மூடுவது சரியா என்ற எதிர்ப்பாளர்களின் கேள்வியை வெறும் அரசியல் என்று தள்ளிவிட முடியாது. அரசு செலவிட்டதாகச் சொல்லப்பட்ட தொகை 42 கோடி ரூபாய்.

எதிர்ப்பவர்கள் மறந்துவிடும் உண்மை ஒன்றுண்டு. இந்திய மோட்டார் பந்தயத்தின் தாயகம் தமிழகம்தான். போர்க்காலத்தில் அமைந்து பின்னர் கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுபாதையில் பல்லாயிரம் பேர் திரண்டு பந்தயம் பார்த்த காலம் இருந்தது. ஃபார்முலா 1-ல் ஓடிய முதல் இந்தியர், 2005-ல் களமிறங்கிய கோவையின் நரேன் கார்த்திகேயன். இரண்டாமவர் 2010-ல் வந்த சென்னையின் கருண் சந்தோக். எனவே இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

ஆனால் அந்த வரலாறே சாலைப் பந்தயத்துக்கு எதிரான சாட்சியாகவும் நிற்கிறது. சோழவரத்துக்குப் பின் சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தினர் நகருக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரக் களம் அமைத்தனர். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இன்னொன்று இருக்கிறது. நாட்டில் வேறெந்த மாநிலத்துக்கும் வாய்க்காத வசதி இது. அதை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் பந்தயத்துக்காக அண்ணா சாலையோரம் தடுப்புச் சுவர் எழுப்பிப் பின்னர் பிரித்தெடுப்பது என்ன கணக்கு? அதே பணத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு கார்ட் பந்தயப் பயிற்சி அளித்திருந்தால் இன்னொரு நரேன் கிடைத்திருக்கலாம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இத்தகைய எதிர்ப்பு எழாததற்குக் காரணம் இருக்கிறது. சதுரங்கப் பலகையை அரசுப் பள்ளி மாணவன் வாங்க முடியும். பந்தயக் காரை அவனால் தொடக்கூட முடியாது.

சிங்கப்பூரை உதாரணம் காட்டுகிறார்கள். 2008 முதல் அங்கே இரவுப் பந்தயம் நடக்கிறது, அரசும் பெரும்பகுதிச் செலவை ஏற்கிறது. மெத்தச் சரி. ஆனால் பந்தய நாள்களில் கொழிக்கும் ஹோட்டல்களிடமிருந்து அந்த அரசு தனித் தீர்வை வசூலிப்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை. லாபம் அடைபவர் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்ற எளிய கணக்கு அது. பக்கத்து மலேசியாவோ, செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2017-ம் ஆண்டுப் பந்தயத்துடன் செபாங்கில் ஃபார்முலா 1-ஐ நிறுத்திக் கொண்டது. மெல்போர்னின் ஆல்பர்ட் பூங்காவில் 1996 முதல் பந்தயம் நடக்கிறது. அங்கேகூட மக்கள் வரிப்பணம் குறித்த சர்ச்சை ஓயவில்லை.

நடத்துபவர் வெளியேறிய பின் எஞ்சுவது என்ன என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்து மலையில் போனக்காடு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழிவந்த தொழிலாளர்கள் சம்பள பாக்கியுடன், இடிந்து விழும் லயங்களில் தங்கிவிட்டனர். பந்தயமும் தோட்டமும் ஒன்றல்ல. ஆனால் தொழில் நடத்தியவர் போய்விட்டார், சுமை அரசின் தலையிலும் மக்களின் தலையிலும் விழுந்தது என்ற அளவில் கிரேட்டர் நொய்டாவுக்கும் போனக்காட்டுக்கும் பெரிய வேறுபாடில்லை.

பந்தயம் வேண்டாம் என்பதல்ல வாதம். தனியார் நடத்தட்டும், நிரந்தரக் களத்தில் நடத்தட்டும். நகரச் சாலைதான் வேண்டுமென்றால் வாடகை, காவல் துறைச் செலவு, சாலைச் சீரமைப்பு அனைத்தையும் முன்கூட்டியே கட்டட்டும். 2024 பந்தயத்தால் எத்தனை வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர், எவ்வளவு வரி வருவாய் கிடைத்தது என்ற விவரத்தைச் சட்டப்பேரவையில் வெள்ளை அறிக்கையாக வைக்க வேண்டும். அடுத்த பந்தயத்துக்கான கோப்பில் கையெழுத்திடுவது அதற்குப் பிறகுதான்.