டப்பாவைக் கேட்காதீர்கள்... வயிற்றைக் கேளுங்கள்!

"டாக்டர், இவன் வயித்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. பானை மாதிரி உப்பிக் கெடக்கு. ராத்திரி முழுக்க கடமுடான்னு சத்தம். காலையில மூணு தடவை ஓடறான். எல்லாம் இந்தப் பவுடரால வந்த வினை!"

சொல்லிக்கொண்டே அந்த அம்மா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் மேஜை மேல் 'டொக்'கென்று வைத்தார். தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுப் போட்டு வைக்கிற டப்பா அளவுக்கு இருந்தது. பக்கத்தில் 19 வயதுப் பிள்ளை, தலையைக் குனிந்தபடி. உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதமாகிறதாம். அங்கே பயிற்சி கொடுப்பவர் சொன்னதைக் கேட்டு வாங்கிய 'வே புரோட்டீன்'.

"கிட்னி போயிடும்னு எங்க வீட்டுக்காரர் பயப்படறார். நீங்களே நாலு வார்த்தை நறுக்குனு சொல்லி, இதைக் குப்பையில போடச் சொல்லுங்க!"

பத்து வருடத்துக்கு முன்பாக இருந்தால் அப்படியே சொல்லியிருப்பேன். சித்த மருத்துவன்தானே... டப்பாவில் வருவது எதுவும் ஆகாது என்று ஒரே போடாகப் போட்டுவிடுவது எனக்கும் சுலபம். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

இது என்ன பொருள்?

முதலில் பயம் தெளியட்டும். வே புரோட்டீன் ஏதோ ரசாயனக் கூடத்தில் பிறந்த பொருள் அல்ல. பாலைத் திரிய வைத்து வடிகட்டினால் கட்டி துணியில் நிற்கும், வெளிர் பச்சையாக ஒரு தண்ணீர் கீழே இறங்கும் அல்லவா? அந்தத் தண்ணீர் இனம்தான். வெளிநாடுகளில் சீஸ் தயாரிக்கும் ஆலைகளில் இது ஆறாகப் பெருகும். ஒரு காலத்தில் பன்றிக்கு ஊற்றினார்கள், ஆற்றில் விட்டார்கள். பிறகு நுண்ணிய சல்லடை போன்ற சவ்வுகளில் வடிகட்டி, புரதத்தை மட்டும் பிரித்து உலர்த்தக் கற்றுக்கொண்டார்கள். பாலிலுள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், ஒரு பங்கு வே. சீக்கிரம் செரிக்கும், தசை வளர்ச்சியைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் இதில் அதிகம். இதெல்லாம் உண்மை. மறுப்பதற்கில்லை.

ஆனால் நல்ல பொருள் என்பது வேறு, நமக்கு ஒத்துக்கொள்ளும் பொருள் என்பது வேறு! சித்த மருத்துவத்தில் உடலைத் தாங்கும் தாதுக்கள் ஏழு என்போம். அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாரம், அடுத்து செந்நீர், அதற்குப் பிறகுதான் ஊன், அதாவது தசை. உண்டது செரித்துச் சாரமாகாமல் ஊன் வளராது. வயிற்றில் மந்தத்தை வைத்துக்கொண்டு புஜத்தில் சதை வைக்கப் பார்ப்பது, அடித்தளம் போடாமல் மாடி கட்டுகிற கதைதான்.

குற்றவாளி யார்?

அந்தப் பையனிடம் கேட்டேன். "தம்பி, எப்படிக் கலந்து குடிக்கிறே?"

"அரை லிட்டர் பால்ல ரெண்டு கரண்டி போட்டு, மூணு வாழைப்பழம் அடிச்சு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஜிம்முலேர்ந்து வந்ததும் குடிச்சிடுவேன் டாக்டர்."

"சின்ன வயசுல பால் குடிப்பியா?"

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "எங்க டாக்டர்! ஆறாங் கிளாஸ்லேர்ந்தே பால்னா ஓடுவான். குடிச்சா வயிறு வலிக்குதும்பான். சும்மா சாக்கு சொல்றான்னு நினைச்சேன்."

சாக்கு இல்லை அம்மா, அது நோய்க்குறி! பாலில் லாக்டோஸ் என்றொரு சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் 'லாக்டேஸ்' நொதி, குழந்தைப் பருவம் கடந்ததும் நம்மில் பலருக்குக் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வாயு, உப்புசம், பேதி எல்லாம் அதன் விளைவு.

இப்போது கணக்குப் பாருங்கள். 100 மில்லி பாலில் லாக்டோஸ் ஏறக்குறைய 5 கிராம். அரை லிட்டரில் 25 கிராம்! நல்ல ரகப் பவுடர் ஒரு கரண்டியில் இருப்பதோ ஒன்றிரண்டு கிராம்தான். பழி பவுடர் மேல் விழுந்தது, வேலையைக் காட்டியது பால்.

ஆகவே, 'பவுடர் ஒத்துக்கலை' என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு எப்படி இருக்கிறது? பாலே ஆகவில்லை என்றால் லாக்டோஸ்தான் காரணமாக இருக்கலாம். பால் சுகமாகச் செரிக்கிறது, பவுடரைத் தண்ணீரில் கலந்தாலும் உப்புகிறது என்றால், சந்தேகம் மற்ற சேர்மானங்கள் மேல் திரும்ப வேண்டும். சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்புகள், மால்டிடால், சார்பிடால் போன்றவை, கெட்டியாக்கச் சேர்க்கும் பிசின்கள்... இவையும் சில வயிறுகளைக் கலக்கும்.

இன்னொன்று, மிக முக்கியம். பால் பட்டாலே உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வருகிறவர்கள் உண்டு. அது செரிமானக் கோளாறு அல்ல, ஒவ்வாமை. அவர்களுக்கு எந்த வகை வே புரோட்டீனும் ஆகாது. 'கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம்' என்ற பரீட்சையே கூடாது.

மூன்று ரகம்

கடையில் மூன்று ரகம் கிடைக்கிறது. 'கான்சன்ட்ரேட்' என்பதில் நல்ல தரமாக இருந்தால் 80 சதவீதம் புரதம், கொஞ்சம் லாக்டோஸ், கொஞ்சம் கொழுப்பு. பால் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு இதுவே போதும். 'ஐசொலேட்' என்பது இன்னும் சுத்தம் செய்தது. 90 சதவீதம் புரதம், லாக்டோஸ் மிகச் சொற்பம். பால் செரிக்காதவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். விலை கூடுதல். மூன்றாவது 'ஹைட்ரோலைசேட்'. நொதியால் பாதி செரிக்க வைத்தது, கசக்கும், விலையும் அதிகம். சாதாரணக் குடும்பத்துக்கு இது தேவையே இல்லை.

லேபிளில் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு கரண்டி 30 கிராம், அதில் புரதம் 24 கிராம் என்றால் 80 சதவீதம். சரி. 75 கிராம் கரண்டியில் புரதம் 15 கிராம்தான் என்றால்? 20 சதவீதம்! மிச்சம் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும். 'எடை ஏற்றும் பவுடர்' என்று விற்கப்படுவதில் பல இந்த ரகம். சர்க்கரை நோய் உள்ள வீட்டில் இதை வாங்கி வைப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

சேர்மானப் பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்கள் தனியாகச் சேர்த்திருந்தால் எச்சரிக்கை! புரதத்தை அளக்கும் பழைய பரிசோதனை நைட்ரஜனைத்தான் அளக்கிறது. அது முழுப் புரதத்திலிருந்து வந்ததா, இந்த மலிவுச் சரக்கிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2024-ல் கேரளத்தைச் சேர்ந்த ஒரு கல்லீரல் மருத்துவரும் அவரது குழுவினரும் நம் நாட்டில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில், லேபிள் சொன்ன அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான்!

நானே சொல்கிறேன்... மூலிகை வேண்டாம்!

அந்தக் கல்லீரல் மருத்துவருக்கும் எங்கள் மருத்துவ முறைக்கும் அவ்வளவாக ஆகாது. அதற்காக அவர் சொன்ன நல்லதை மறைக்க முடியுமா? மூலிகைச் சாறு கலந்த புரதப் பவுடர்களால் கல்லீரலுக்குத் தீங்கு வரலாம் என்று அந்த ஆய்வு எச்சரிக்கிறது. ஒரு சித்த மருத்துவனாக நானும் அதையே வழிமொழிகிறேன்.

அமுக்கரா அருமையான மருந்து. நானும் கொடுக்கிறேன். ஆனால் யாருக்கு, எத்தனை நாள், எந்த அளவு, எந்த அனுபானத்தில் என்று பார்த்துத்தான் கொடுக்கிறேன். சிலருக்கு அது கல்லீரலைப் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அதைப் புரதத்தோடு கலந்து, கரண்டிக் கணக்கில், மாதக் கணக்கில், பெயர் தெரியாத அளவில் குடிப்பதற்கு எங்கள் மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. மருந்து மருந்தாக இருக்கட்டும், உணவு உணவாக இருக்கட்டும். 'மூலிகை கலந்தது' என்று போட்டிருந்தால் அதை ஒரு சிறப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வயிற்றைக் கேட்பது எப்படி?

முதலில் சின்னப் பொட்டலமாக வாங்குங்கள். 'இரண்டு கிலோ வாங்கினால் மிச்சம்' என்பது ஒத்துக்கொண்ட பிறகு பார்க்க வேண்டிய லாபம். மணம், இனிப்பு சேர்க்காத ரகம் கிடைத்தால் உத்தமம்.

முதல் மூன்று நாள் கால் கரண்டி, அடுத்த மூன்று நாள் அரைக் கரண்டி. தண்ணீரில் மட்டும். கொதிக்கிற பாலிலோ கஞ்சியிலோ போட்டால் திரண்டு கட்டி தட்டிவிடும், ஆறிய பிறகு கலக்குங்கள். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். அந்த ஒரு வாரம் சாப்பாட்டில் வேறு புதுசாக எதையும் நுழைக்காதீர்கள். உப்புசம், ஏப்பம், மலப்போக்கு, பசி, முகத்தில் பரு... ஐந்தையும் கவனியுங்கள். நாவு வெள்ளையாகப் படிந்து, அடுத்த வேளைப் பசி மட்டுப்பட்டால் அளவு அதிகம் என்று பொருள். ஓமத் தண்ணீரைக் குடித்து வாயுவை அடக்கிவிட்டு மறுபடி பவுடரைக் கரைக்காதீர்கள். வயிறு எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துப் போடுகிற மாதிரி அது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பல வருட சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆரோக்கியமான சிறுநீரகத்தை அளவான புரதம் கெடுத்துவிடாது. ஆனால் நம் சிறுநீரகம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பது கிரியாட்டினின் பார்க்காமல் எப்படித் தெரியும்?

எவ்வளவு வேண்டும்?

2020-ல் நம் நாட்டு வல்லுநர்கள் நிர்ணயித்த அளவு, கிலோ எடைக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். நாலு இட்லி, இரண்டு வேளை சோறு, சாம்பார், தயிர் எல்லாம் சேர்ந்து 30 கிராம் தேறலாம். அதோடு இரண்டு முட்டை 12 கிராம், ஒரு கிண்ணம் சுண்டல் 10 கிராமுக்கு மேல். கணக்கு நிறைந்துவிட்டது! உடற்பயிற்சி செய்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். அதற்கும் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பருப்பு, மீன் இருக்கின்றன. கிலோ 2,500 ரூபாய் டப்பாவில் ஒரு கரண்டி 75 ரூபாய் ஆகிறது. அதே 24 கிராம் புரதம் நாலு முட்டையில் கிடைத்துவிடும், பாதி விலைக்கும் குறைவாக. 2024-ல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டியும் புரதப் பவுடர்களைத் தவிர்க்கவே சொல்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அதுதான் சரி.

அப்படியானால் யாருக்குத்தான் இது?

அந்த அம்மாவுக்குத் துணையாக வந்த மாமியார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வயது 72. எழுந்திருக்கும்போது நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்து, இரண்டு தடவை முயன்று எழுந்தார். புஜத்தில் தோல் தொங்கியது.

"பாட்டிம்மா, என்ன சாப்பிடுறீங்க?"

"காலம்பற ரெண்டு இட்லி, மத்தியானம் ரசஞ்சாதம். பல்லு இல்லையேப்பா, சுண்டலெல்லாம் மெல்ல முடியாது. ராத்திரி ஒரு வாய் மோர்ச்சாதம். வயசானா இது போதாதா?"

போதாது! வயதானால்தான் தசை கரையும். முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும் என்கிறார்கள். 45 கிலோ எடையுள்ள அந்தப் பாட்டிக்கு, அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. வீட்டில் எல்லோரும் பிள்ளையின் டப்பாவைப் பார்த்துப் பயந்தார்களே தவிர, பாட்டியின் தட்டை யாரும் பார்க்கவில்லை.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பாட்டிக்குக் குழைந்த பருப்பு சாதம், தினம் ஒரு முட்டை, கூடவே இனிப்பில்லாத பவுடர் அரைக் கரண்டியை நீர்மோரில் கலந்து காலை பதினோரு மணிக்குத் தரச் சொன்னேன். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் தினம் பத்து முறை. வாயால் குடிப்பது மட்டும் தசையாகிவிடாது, தசைக்கு வேலையும் வேண்டும்.

பிள்ளைக்குப் பாலை நிறுத்தி, தண்ணீரில் அரைக் கரண்டி, அதுவும் சாயங்காலம் என்று மாற்றினேன். பத்தே நாளில் வயிறு அடங்கிவிட்டது. "இது தீர்ந்ததும் முட்டையும் சுண்டலும்தான் டாக்டர்" என்றான்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். பாட்டி நாற்காலியிலிருந்து ஒரே முயற்சியில் எழுந்து நின்று, "இப்ப சரியாப்பா?" என்று கேட்டுச் சிரித்தார்.

டப்பா அமிர்தமும் இல்லை, விஷமும் இல்லை வாசகர்களே! யாருக்குத் தேவை, எவ்வளவு தேவை, அவர் வயிறு என்ன சொல்கிறது... இந்த மூன்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கடைக்குப் போங்கள். அப்படியே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தட்டையும் இன்று ராத்திரி ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.