முடிவை எழுதும் உரிமை

பத்திரிகைக்குக் கதை கொடுத்துச் சன்மானம் பெறுவது கலைக்கு இழுக்கு என்று ஒரு சாராரும், நாலு பேர் விரும்பிப் படிக்காத எழுத்தினால் யாருக்கு லாபம் என்று இன்னொரு சாராரும் ‘மணிக்கொடி’ இதழின் காலந்தொட்டு வாதாடி வருகிறார்கள். இரு தரப்பாரும் கதை பிரசுரமாகும் இடத்தைப் பார்க்கிறார்களே அன்றி, அதன் முடிவைத் தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. என் அபிப்பிராயத்தில், எழுத்தாளனுடைய நேர்மைக்கு அதுவே உரைகல்.

1966-இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், அந்நியன் ஒருவனுடைய காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணை, ஆத்திரம் தணிந்த தாய், தலையில் தண்ணீர் வார்த்து, ‘நீ சுத்தமாகிவிட்டாய்’ என்று தேற்றி, விஷயம் வெளியே போகாமல் காக்கிறாள். அந்த முடிவு தர்மத்துக்கு விரோதம் என்று பலத்த கண்டனம் எழுந்தது. ஜனரஞ்சகப் பத்திரிகையில் எழுதிப் புகழும் பொருளும் பெற்று வந்த ஒருவர், வாசகரின் கோபத்துக்கு அஞ்சி அடுத்த கதையில் அவர்களைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். ஜெயகாந்தனோ, அந்தத் தாய் ஊரறியக் கூச்சலிட்டிருந்தால் பெண்ணின் கதி என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அண்ணனால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, படித்து உத்தியோகம் பார்த்தும் களங்கம் நீங்காத கங்காவின் வாழ்க்கையைச் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாக்கினார். கண்டித்தவர்கள் கேட்ட முடிவின் குரூரத்தை அவர்கள் கண்முன்னே நிறுத்திய அந்நாவலும் தினமணி கதிர் என்ற ஜனரஞ்சக வாரப் பத்திரிகையில்தான் தொடராக வந்தது. 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றது. வாசகருக்குச் செவிசாய்த்தார், பணியவில்லை.

ஜனரஞ்சகப் பத்திரிகையை நாடாமல் மறு திசையில் சென்றவர் எழுத்தாளர் சி.சு. செல்லப்பா. 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ பத்திரிகையைக் கைப்பொருள் கரைய நடத்தி, தாம் பிரசுரித்த நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற அவர், எண்பது கடந்த பிராயத்திலும் ‘சுதந்திர தாகம்’ நாவலைச் சொந்தச் செலவில் அச்சிட நேர்ந்தது. அதற்கு அகாதெமி பரிசு கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. அவருடைய வைராக்கியத்தை வியந்து போற்றும் நாம், ஒரு பிரதி வாங்கும் கடமையை மறந்து அவர் தோளில் அந்தச் சுமையை ஏற்றியவர்களும் நாமே என்பதை உணர வேண்டும்.

வேறு சில எழுத்தாளர்கள் எழுத்தை நம்பிப் பிழைக்கவில்லை: ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாகத்திலும், தி. ஜானகிராமன் வானொலியிலும், சுந்தர ராமசாமி நாகர்கோவில் ஜவுளிக் கடையிலும் ஜீவனோபாயம் தேடிக்கொண்டு பேனாவைச் சுதந்திரமாக வைத்துக்கொண்டார்கள். அது விவேகமான வழியே எனினும், எழுதுவதற்குரிய பகற்பொழுதெல்லாம் வேறு காரியத்துக்குப் போய்விடுகிறது.

ஆகவே, எழுத்தாளன் கூச்சமின்றிச் சன்மானம் கேட்கட்டும். பக்க அளவையும் கெடு தேதியையும் பத்திரிகாசிரியர் விதிக்கட்டும். பாத்திரத்தின் தலைவிதியை விற்பனை இலாகாவோ வாசகர் கடிதமோ விதிக்க முற்படும்போது, கையெழுத்துப் பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் திராணி மட்டும் அவனுக்கு இருக்க வேண்டும். அந்தத் திராணி வெறும் மனோபலத்தால் நீடிப்பதன்று. புத்தகத்தை இரவல் வாங்காமல் விலை கொடுத்து வாங்கும் வாசகர்களும் சேர்ந்தே அதனைக் காப்பாற்ற வேண்டும்.